ராணி மறைந்திருந்த மூன்று நாட்கள்

அந்தத் தொலைக்காட்சித் தொடரை எடுத்தவர்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தொடரின் மூலக்கதை ஏழு பாகம். சென்னை வார இதழ் ஒன்றில் வருடக்கணக்காக வந்து, பிறகு ஏழு தடித்த புத்தகங்களானது. பெயரைச் சொல்லமாட்டேன். எழுதியவர் உயிரோடு இருக்கிறார். நான் சொல்லப்போவது காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார். எனக்கு இருக்கிற சண்டைகள் போதும்.

உப்பு ஏரி ஒன்று. நடுவில் ஒரு கோட்டை. அதை ஆள்பவள் உப்பு ராணி. அவள் கைபட்ட தண்ணீர் உறைந்து உப்பாகிவிடும். எதிரி, நிழல் இல்லாத அரசன். அவன் கோட்டையைப் பிடிக்கிறான். ராணி கைக்குழந்தையோடு தப்பி ஓடுகிறாள். ஏரியில் தோணி விடுகிற ஒருத்தி இருக்கிறாள், அவளுக்குக் காகங்களின் பேச்சு விளங்கும். ராணி குழந்தையை அந்தத் தோணிக்காரியிடம் கொடுத்துவிட்டுப் படை திரட்டப் போகிறாள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நான் அப்போது கொழும்பில், கிராண்ட்பாஸில் எரிந்துபோன மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். நாள் முழுவதும் வார்னிஷ் மணம், செப்புக் கம்பி, முதலாளியின் வாய். இருப்பிடம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடிக்கட்டடத்தின் கீழே பின்பக்க அறை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் என்பதால் பொலிஸ் பதிவுத் துண்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஆறு நாளும் வேலை. ஏழாம் நாள், ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு, நான் மனிதனாவேன். காரணம் இரண்டாம் மாடி அன்ரியின் வீடு.

அன்ரி ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டெழுத்து வேலை செய்தார். கணவர் லண்டனில். விசா வரும் வரும் என்று அன்ரி நாலு வருடமாகக் காத்திருந்தார். அவரிடம் நல்ல ரீவியும் வீடியோ டெக்கும் இருந்தன. கசெற் கொண்டுவருவது காலி வீதியில் வீடியோக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா. சென்னைக்குச் சாமான் எடுக்கப் போய்வருபவர்களின் பையில் ஒரு கிழமைக்கு ஒரு கசெற் வரும். அதில் தொடரின் ஐந்து அங்கம். கடையில் வாடகைக்கு விடுவதற்கு முன்னால் நானா அதை அன்ரி வீட்டுக்குக் கொண்டுவருவார், ஏனென்றால் அவருக்கும் எங்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும். கடையில் தனியாகப் பார்த்தால் சண்டை பிடிக்க ஆள் இல்லை.

நாலாவது ஆள் மாஸ்டர். எங்கள் ஒழுங்கையிலேயே கணக்கு ரியூசன் நடத்தினார். ஏழு பாகமும் மூன்று தரம் வாசித்தவர். அதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். எனக்கும் அவருக்கும் முதல் ஞாயிறே கொழுவல். நான் கதையை வாசித்தவன் அல்ல, கேட்டவன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கேட்டவன் என்றால், தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்துக்கு ஒன்றும் வராத காலம். சவர்க்காரம் இல்லை, மின்சாரம் இல்லை, வார இதழ் எங்கே வரும்? யாராவது கடல் கடந்து வரும்போது ஒளித்துக் கொண்டுவருவார்கள். ஊர் முழுக்கச் சுற்றி எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது இரண்டு மணித்தியாலம்தான் தருவார்கள். அதற்குள் இருபது வீட்டுச் சனமும் வாசிக்க ஏலாது. ஆகவே என் அக்கா எங்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து சத்தமாக வாசிப்பாள். மற்றவர்கள் சுற்றி நிலத்தில் இருந்து கேட்பார்கள். எல்லாம் பின்னேரம் நாலு மணிக்கு, வெளிச்சத்தில். மண்ணெண்ணெய் பரீட்சை எடுக்கிற பிள்ளைகளுக்கே காணாது, கதைக்கு யார் விளக்குக் கொளுத்துவது? நான் ஒரு பக்கத்தில் சைக்கிள் டைனமோவைக் கழற்றிக்கொண்டு கேட்பேன். அப்படித்தான் ஏழு பாகத்தில் முதல் மூன்று எனக்குள் போனது. பிறகு இடம்பெயர்ந்தோம். பிறகு நான் கொழும்புக்கு வந்தேன். அக்காவும் அம்மாவும் திரும்பவும் யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார்கள்.

இனித் தொடருக்கு வருகிறேன். உப்பு ஏரி என்று அவர்கள் காட்டியது நீச்சல் குளம். ஓரத்தில் ஏணி தெரிந்தது. கிரீடம் பிளாஸ்ரிக். தோணிக்காரி உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். நிழல் இல்லாத அரசனுக்குச் சுவரில் நல்ல பெரிய நிழல் விழுந்தது, ஒன்றல்ல, மூன்று.

"லைட்டை எங்க வைக்கிறதெண்டு தெரியாதவங்கள் எல்லாம் படம் எடுக்கிறாங்கள்," என்றேன்.

"தம்பி, அது அரசன்ட நிழல் இல்ல, கெமராக்காரன்ட நிழல்," என்றார் நானா. "பாவம், அவனுக்கும் மொகம் காட்ட ஆச ஈக்கும் தானே."

"கதைக்கிறதெண்டா நான் நிப்பாட்டிப்போட்டுப் போய்த் தேத்தண்ணி போடுவன்," என்றார் அன்ரி.

வாயை மூடுவோம். அங்கம் முடிந்தவுடன் திறப்போம். ஐந்து அங்கத்தைப் பார்க்க இரண்டரை மணித்தியாலம் என்றால் அதைத் திட்ட மூன்று மணித்தியாலம். புத்தகத்தில் ராணி அழுவதே இல்லை, இவள் அங்கத்துக்கு இரண்டு தரம் அழுகிறாள். புத்தகத்தில் காகங்கள் வெள்ளை, இங்கே சாதாரணக் காகம், அதுவும் ஒரே காகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். மாஸ்டர் பக்கம் சொல்லித் திட்டுவார். அன்ரி மட்டும் ராணியின் சேலைகள் நல்லது என்பார். சென்னை விளம்பரங்களைக்கூட நாங்கள் ஓட்டிவிடாமல் பார்த்தோம்.

எனக்குக் கொழும்பில் வேறு ஆட்கள் இல்லை. வேலையிடத்தில் கதைப்பது மோட்டர் பற்றி மட்டும். அறையில் கதைக்க யாரும் இல்லை. அந்த வீட்டில் கதவுக்குப் பக்கத்துப் பிரம்புக் கதிரை என்னுடையது. அதில் இருந்து நான் கத்தலாம், யாரும் அடையாள அட்டை கேட்கமாட்டார்கள்.

கோட்டை விழுகிற அங்கம் வந்தது. குறை சொன்னாலும் நன்றாகவே எடுத்திருந்தார்கள். முடிந்தவுடன் நான் எழும்பி நின்றேன்.

"அடுத்த கிழமைதான் விஷயம்," என்றேன். "ஏழு பாகத்திலயும் அதைப்போல ஒண்டும் இல்லை. ராணி தோணிக்காரியின்ர குடிசையில மூண்டு நாள் ஒளிச்சிருப்பா. ஆரெண்டு சொல்லமாட்டா. தோணிக்காரி அவவுக்குச் சீனியில்லாத தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் குடுப்பா. ராணி பெரிசாய் ஒரு கடி கடிப்பா. அப்ப தோணிக்காரி பேசுவா, 'அளவாய்க் கடி. நாளைக்கும் வேணும்.' ஒருத்தரும் ராணியை அப்பிடிப் பேசினதில்லை. பார்த்துக்கொண்டிருங்கோ."

நானா, "அடடா," என்றார். அன்ரி சிரித்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அந்தக் கிழமை முழுதும் நான் மோட்டர் சுற்றியபடி அந்த அதிகாரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருளில் சுற்று எண்ணிக்கை பிழைத்து முதலாளியிடம் பேச்சும் வாங்கினேன்.

ஞாயிறு வந்தது. முதல் அங்கத்தில் ராணி ஏரிக்கரைக்கு ஓடிவந்தாள். தோணிக்காரி நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பின்னணியில் வயலின் வாசித்தார்கள். ராணி குழந்தையை நீட்டினாள். தோணிக்காரி வாங்கினாள். ராணி போய்விட்டாள். அவ்வளவுதான். குடிசை இல்லை, தேத்தண்ணி இல்லை, மூன்று நாள் இல்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. அன்ரி டெக்கை நிறுத்தினார்.

"முன்பின் தெரியாத ஒருத்தியிட்ட ஆர் பிள்ளையைக் குடுப்பினம்?" என்றேன். "அந்த மூண்டு நாள் இல்லாட்டி இந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை. வெட்டிப்போட்டாங்கள், நாசமறுப்பாங்கள்."

"வெட்டேல்லை, ஐசே," என்றார் மாஸ்டர் அமைதியாக. "புத்தகத்திலயும் இப்பிடித்தான். நீர் சொல்லுற அதிகாரம் இல்லை."

"இருக்கு."

"மூண்டு தரம் வாசிச்சனான்."

"நித்திரையில வாசிச்சிருப்பீர்."

"சரி, நான் ஒண்டு கேக்கிறன். அந்தக் கதையில பனையே இல்லை. ராணிக்குப் பனங்கட்டி எங்கால வந்தது? கூப்பன் கடையில வரிசையில நிண்டு வாங்கினவவோ?"

நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதில்தான் எனக்கு ஏறியது.

"இன்னும் ஒண்டு," என்றார் மாஸ்டர். பாடம் நடத்துகிற குரல். "அவ கைபட்டாத் தண்ணி உப்பாகும். தேத்தண்ணியும் தண்ணிதானே? எப்பிடிக் குடிச்சவ?"

எனக்கு ஞாபகம் இல்லை. டைனமோவைக் கழற்றிக்கொண்டிருந்தவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமா? "குடிச்சவ!" என்றேன். "என்ர அக்கா வாசிச்சவ, நான் காதால கேட்டனான். அந்த அதிகாரம் இல்லையெண்டா நான் இனி இந்தப் படி ஏறமாட்டன்!"

"தம்பி, விடும். கதைதானே," என்றார் அன்ரி.

கதைதானே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் இன்னும் கூடும். "ஏறமாட்டன்," என்று திரும்பவும் சொன்னேன். மாஸ்டர், "சரி, புத்தகத்தைப் பார்ப்பம்," என்றார்.

மாஸ்டரிடம் மூன்றாம் பாகம் இல்லை. இரவல் வாங்கினவன் அதையும் கொண்டு கனடாவுக்குப் போய்விட்டான். வெள்ளவத்தையில் பாதிப் புத்தகங்கள் அப்படித்தான் போயின. நானாவின் மச்சான் கொட்டாஞ்சேனையில் கொப்பி பென்சில் கடை வைத்து, ஒரு அலுமாரி நிறையக் கதைப் புத்தகம் வாடகைக்கும் விட்டார். அங்கே ஏழு பாகமும் இருப்பதாக நானா சொன்னார். அடுத்த சனி அரைநாள் வேலை முடிந்து நானும் நானாவும் பஸ் ஏறினோம்.

மூன்றாம் பாகம் இருந்தது. அட்டை கிழிந்து, பசைத்தாள் ஒட்டி, நல்ல கனம். நானா, "இங்கயே தொறந்து பாருங்களேன்," என்றார். நான் மாட்டேன் என்றேன். எல்லோருக்கும் முன்னால் திறந்து மாஸ்டரின் மூக்கை உடைக்க வேண்டும் என்று சொன்னேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பயம் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வழக்கமான சோதனைதான். என் அடையாள அட்டையைப் பார்த்த இராணுவக்காரன் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே புத்தகம். அட்டைப் படத்தில் வாளோடு ஒரு பெண், பின்னால் எரிகிற கோட்டை. அவன் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மேக்க மொகக்த?" இது என்ன என்று கேட்டான்.

நானா முன்னுக்கு வந்து, சிரித்த முகத்தோடு சிங்களத்தில் தொடங்கினார். இது பழைய காலத்து ராசா ராணிக் கதை, மந்திரக் கதை, இந்தியாவில் ரீவியிலும் போகுது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. உப்பு ஏரி, கோட்டை, நிழல் இல்லாத அரசன், எல்லாவற்றையும் கையை ஆட்டிச் சொன்னார். இராணுவக்காரனுக்கு இருபது வயது இருக்கும். அவன் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துவிட்டுக் கேட்டான்.

"பிசவ தினனவாத?" ராணி வெல்லுவாளா?

"தாம கியெவ்வே நே," என்றார் நானா. இன்னும் வாசிக்கவில்லை.

அவன் புத்தகத்தைப் பைக்குள் வைத்துத் தந்தான். பஸ்ஸில் ஏறிய பிறகு, "ராணி வெல்லுவாளாண்டு மூண்டாம் பாகத்தோட எப்படிச் சொல்ல? ஏழு பாகம் ஈக்கிதே," என்றார் நானா கவலையோடு. நான் சிரித்தேன். அதற்குப் பிறகு கன நாள் சிரிக்கவில்லை.

ஞாயிறு அன்ரியின் மேசையில் புத்தகத்தை வைத்தோம். மாஸ்டரே பக்கம் புரட்டினார். கோட்டை விழும் அதிகாரம் முடிந்தது. அடுத்த பக்கம், "ஏரிக்கரையில் தோணிக்காரி நின்றாள்." குழந்தையை வாங்கினாள். முடிந்தது.

நான் புத்தகத்தைப் பறித்தேன். பக்கம் கிழித்திருக்கிறார்கள் என்றேன். பக்க எண்கள் ஒழுங்காகப் போயின. கட்டினவன் பிழைவிட்டிருக்கிறான் என்றேன். நூல் தையல்கூட அசையவில்லை. முழுப் புத்தகத்தையும் திரும்பப் புரட்டினேன். பனங்கட்டி என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். மாஸ்டர், "சின்ன வயசில கேட்டது, மாறியிருக்கும்," என்று தணிவாகச் சொன்னார். அந்தத் தணிவை என்னால் தாங்க முடியவில்லை. எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, படி இறங்கினேன்.

சொன்னால் சொன்னதுதான். நான் படி ஏறவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு மேலே தொடரின் பாட்டுத் தொடங்கியது என் ஜன்னலுக்குள் கேட்டது. அதற்கடுத்த ஞாயிறும் கேட்டது. கடற்கரையோரம் ரெயில் போகும்போது மட்டும் கேட்காது. நான் ரெயிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரி தண்ணிக் குழாயடியில் கண்டு, "வாருமன், தம்பி," என்றார். "ஏலாது," என்றேன். நானா கடை வாசலில் நின்று, "அரசன்ட நிழல் இப்ப நாலு," என்று கூப்பிட்டுச் சொன்னார். நான் கேட்காதவன் மாதிரிப் போனேன்.

படி இறங்கிய அன்றே அக்காவுக்குக் கடிதம் எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்தது. கடிதம் எப்போது போகும் எப்போது வரும் என்று தபால்காரனுக்கே தெரியாது. சுகம் விசாரிக்கவில்லை. "அந்த மூன்று நாள் எந்தப் பாகத்தில் வருகிறது? பக்கம் தெரிந்தால் எழுது. நான் இங்கே பொய்யனாகிவிட்டேன்," என்று மட்டும் எழுதினேன்.

ஐந்து ஞாயிறு போனது. ஆறாவது கிழமை பதில் வந்தது. ஒற்றைத்தாள் இரண்டில், இரண்டு பக்கமும்.

வாசித்து முடித்தபோது எனக்கு வந்தது கோபம். அக்காவைப் பேசினேன், வாய்விட்டு, தனி அறையில். பிறகு திரும்ப வாசித்தேன். பிறகும் வாசித்தேன். மூன்றாம் தரம் எனக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிறு வரை பொறுத்திருந்தேன். இரண்டு மணிக்குப் பாட்டுத் தொடங்க முதலே படிக்கட்டின் அடியில் நின்று, "மாஸ்டர்!" என்று கத்தினேன்.

மாஸ்டர் மேலே இருந்து எட்டிப் பார்த்தார். "என்ன, ஐசே?"

"கடிதம் வந்திட்டுது. நீர் சொன்னது சரி. அந்த அதிகாரம் புத்தகத்தில இல்லை."

அதைச் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். "அப்ப ஏறி வாரும்," என்றார். "ஏறமாட்டன் எண்டெல்லே சொன்னனான்," என்றேன். "உம்மட பிடிவாதத்தைக் கொண்டுபோய்க் கடலுக்கை போடும்," என்றார். நான் அசையவில்லை.

அன்ரிதான் முதலில் இறங்கி வந்தார். நாலாம் படியில் இருந்தார். பின்னால் நானா. கடைசியாக மாஸ்டர், சாரத்தை மடித்துக்கொண்டு, மற்றவர்களுக்கு மேலே ஒரு படியில் இருந்தார். நான் கீழே நின்று வாசித்தேன்.

"'தம்பி, அது புத்தகத்தில் இல்லை. நான்தான் கட்டினேன். மூன்று கிழமை இதழ் வரவில்லை. ஆனால் சனம் நாலு மணிக்கு வந்து முற்றத்தில் இருந்துவிட்டது. எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு பழைய இதழை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசிக்கிற மாதிரிச் சொன்னேன். பக்கமும் திருப்பினேன். கிழமைக்கு ஒரு நாளாக மூன்று நாள். பிறகு உண்மையான இதழ் வந்துவிட்டது, அதோடு விட்டுவிட்டேன். பனங்கட்டி வந்தது அம்மாவால். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவ குசினிக்குள் உன்னைத்தான் பேசினா, அளவாய்க் கடி, நாளைக்கும் வேணும் என்று. எனக்கு அடுத்த வரி தெரியாமல் நின்றேன். அதையே சொல்லிவிட்டேன்.'"

அன்ரி, "ஐயோ," என்றார். நானா மேலே பார்த்துச் சிரித்தார். மாஸ்டர்தான் கேட்டார்.

"தேத்தண்ணி?"

"என்ன தேத்தண்ணி?"

"கைபட்டா உப்பாகுமெல்லே? உம்மட அக்கா அதுக்கு என்ன செய்தவ? எழுதேல்லையோ?"

எழுதியிருந்தாள். மறுபக்கத்தில் இருந்தது. வாசித்தேன். "'அவர்கள் கேட்டால் சொல்லு. ராணி தேத்தண்ணிச் சிரட்டையைத் தொட மறுத்துவிடுவாள், ஏன் என்று சொல்லவும் ஏலாது. தோணிக்காரி காரணம் கேட்கமாட்டாள். வாயைத் திற என்று சொல்லி, பிள்ளைக்குப் பருக்குகிற மாதிரி, மூன்று நாளும் தானே பருக்கிவிடுவாள். நீ மறந்துவிட்டாயா? அந்த இடத்தில்தானே சனம் அழுதது.'"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"மூண்டு தரம் வாசிச்சனான்," என்றார். "மூண்டு தரமும் அந்த இடத்தில எனக்கு இடிச்சது. முன்பின் தெரியாத ஒருத்தியிட்ட ஏன் பிள்ளையைக் குடுத்தவ எண்டு. எழுதினவருக்குக் கடிதமும் போட்டனான், பதில் வரேல்லை." கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "தனக்குப் பருக்கின கை எண்டுதான் குடுத்திருக்கிறா."

"அதைத்தானே நானும் கத்தினனான்," என்றேன்.

"நீர் கத்தினது பனங்கட்டியை. இதைச் சொல்லேல்லை."

"எனக்கு ஞாபகம் இல்லை."

"அதுதான் சொல்லுறது, பக்கத்தில இருந்து டைனமோ கழட்டப்படாது எண்டு," என்றார் நானா. அவருக்கு அந்தக் கதையை எப்போதோ சொல்லியிருந்தேன்.

மாஸ்டர் எழும்பினார். "நீர் என்ன சொன்னனீர்? அந்த அதிகாரம் இல்லையெண்டா ஏறமாட்டன் எண்டு. அதிகாரம் இருக்கு. அச்சில இல்லை, அவ்வளவுதான். இனியும் கீழ நிண்டு பிலிம் காட்டாமல் ஏறி வாரும், ஐசே."

ஏறினேன். பிரம்புக் கதிரையில் அன்ரி யாரையும் இருக்க விட்டிருக்கவில்லை. அதன்மேல் மடித்த துணி இருந்தது. எடுத்துக் கட்டிலில் போட்டார். ஐந்து கிழமைக் கதையை மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒன்றும் விளங்கவில்லை, நன்றாக இருந்தது.

அன்று போகும்போது மாஸ்டர் என்னிடம் அக்காவின் விலாசம் கேட்டார். நான் தரமாட்டேன் என்றேன், எனக்கு ஒரு சந்தேகம். அவர் கோபப்பட்டார். "உம்மட கடிதத்துக்குள்ள வைச்சு அனுப்பும், நீரே வாசிச்சுப் பார்த்து அனுப்பும்," என்றார். வாசித்தேன். "மதிப்புக்குரிய சகோதரி அறிவது" என்று தொடங்கி, பரீட்சைத் தாள் மாதிரி இலக்கமிட்டு, கேள்விகள் மட்டும். குடிசையில் இருந்தபோது குழந்தையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? காகங்களுக்கு ராணி யார் என்று தெரியும், ஏன் தோணிக்காரியிடம் சொல்லவில்லை? இரண்டாம் நாள் மழை பெய்ததா? சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அந்த மனிதனுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

பதில் வர இன்னும் இரண்டு மாதம் சென்றது. எனக்கு நாலு வரி. அம்மாவுக்கு முழங்கால் வலி, நீ உடம்பைப் பார். மாஸ்டருக்குப் பதினொரு பக்கம். ஞாயிறு அவர் அதைக் கொண்டுவந்து அன்ரியின் மேசையில் வைத்தார். நானா கசெற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல எதை?" என்றார்.

"அதை மூலையில வையும்," என்றார் மாஸ்டர்.

அவர் வாசித்தார். அக்காவைப் போல வராது, கணக்கு வாத்தியார் குரல், எல்லா வசனமும் விடை மாதிரி முடியும். இருந்தும் கேட்டோம். காகங்கள் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. மழையும் பெய்தது. எட்டாம் பக்கத்தில் அக்கா, மழை விடாததால் ராணி போகவில்லை, நாலாம் நாளும் குடிசையில் இருந்தாள் என்று எழுதியிருந்தாள்.

மாஸ்டர் தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "மூண்டு நாள் எண்டெல்லே சத்தியம் பண்ணினனீர்?"

"வாசியும், மாஸ்டர்," என்றேன்.